ஹைப்பர்சோனிக் வேகத்தில் காற்று ஏன் சுடுகிறது?

1967 அக்டோபர் 3. வெள்ளைப் பூச்சு பூசிய எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தை ஒரு பி-52 குண்டுவீச்சு விமானம் தன் இறக்கைக்கடியில் தூக்கிச் சென்று, சுமார் 14 கி.மீ. உயரத்தில் விடுவித்தது. ஓட்டியவர் பீட் நைட். ராக்கெட் எரிந்து அணைந்த நேரத்தில் விமானம் மணிக்கு 7,274 கி.மீ. வேகத்தில், அதாவது ஒலியைப் போல 6.7 மடங்கு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. இன்ஜின் பொருத்தி, ஆள் உட்கார்ந்து ஓட்டிய விமானங்களில் அந்த வேகத்தை இன்றுவரை எதுவும் தாண்டவில்லை.

அன்று விமானத்தின் அடிவால் துடுப்புக்குக் கீழே ஒரு போலி இன்ஜினைத் தொங்கவிட்டிருந்தார்கள். பின்னாளில் பொருத்தவிருந்த ராம்ஜெட் இன்ஜினின் வடிவ மாதிரி அது. உள்ளே ஒன்றும் எரியாது. விமானம் தரையிறங்கியபோது அந்த மாதிரியைக் காணோம். அதைத் தாங்கியிருந்த துடுப்பில் ஓட்டைகள். வாயுச் சுடரால் அறுத்ததுபோல உலோகம் உருகி வழிந்திருந்தது. அந்த உலோகம் இன்கோனல் எக்ஸ் என்ற நிக்கல் கலவை. 1,300 டிகிரி தாண்டினால்தான் உருகும்.

அந்த விமானம் உச்ச வேகத்தை எட்டிய இடம் 31 கி.மீ. உயரம். அங்கே காற்றின் வெப்பநிலை சுமார் மைனஸ் 45 டிகிரி. அடர்த்தியோ தரைமட்டக் காற்றில் சுமார் எண்பதில் ஒரு பங்கு. உறைய வைக்கும் குளிரில், இருக்கிறதா இல்லையா என்று சொல்லும்படியான காற்றில், நிக்கல் உலோகத்தை உருக்கும் சூடு எங்கிருந்து வந்தது? ஹைப்பர்சோனிக் பறத்தலை, அதாவது ஒலியைப் போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் பறப்பதை, புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

சூடு எங்கிருந்து வருகிறது

“காற்று உராய்வதால் சூடாகிறது” என்றுதான் பள்ளியிலிருந்து கேட்டு வருகிறோம். அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை எடுத்து, வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக நாலைந்து முறை அழுத்திப் பாருங்கள். பம்பின் அடிப்பகுதி கையில் சுடும். பிஸ்டன் உரசுவது அதில் சிறு பங்குதான். முக்கியமான காரணம், காற்றை ஓடவிடாமல் ஒடுக்கியது. ஒடுங்கும் காற்று சூடாகும்.

வேகமாகப் போகும் விமானத்தின் மூக்குக்கு முன்னால் நடப்பதும் அதுவே. நாம் விமானத்தில் உட்கார்ந்து பார்த்தால், காற்று நம்மை நோக்கிப் பாய்ந்து வருகிறது. மூக்கின் நுனியில் மோதும் காற்று நின்றே ஆக வேண்டும். அது கொண்டுவந்த இயக்க ஆற்றல் எங்கும் மறைந்து போகாது; வெப்பமாக மாறும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால் கணக்கு எளிது: வேகத்தை விநாடிக்கு இத்தனை கி.மீ. என்று எடுத்துக்கொண்டு, அதை அதனாலேயே பெருக்கி, வந்ததை 500-ஆல் பெருக்குங்கள். காற்று நின்றால் ஏறத்தாழ அத்தனை டிகிரி சூடேறும்.

போட்டுப் பார்ப்போம். நெடுஞ்சாலையில் விநாடிக்கு 30 மீட்டர் போகும் கார்: அரை டிகிரிகூட இல்லை. விநாடிக்கு 250 மீட்டர் போகும் பயணிகள் விமானம்: சுமார் 30 டிகிரி. வெளியே மைனஸ் 56 என்றால் மூக்கு நுனி மைனஸ் 25, கவலைப்பட ஒன்றுமில்லை. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டின் மூக்கு கொதிநீரைத் தாண்டி 127 டிகிரி வரை போனது. அந்தச் சூட்டில் விமானத்தின் உடலே பல அங்குலம் நீண்டது. ஐந்து மடங்கு, விநாடிக்கு ஒன்றரை கி.மீ.: ஆயிரம் டிகிரி. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் விண்கலம் விநாடிக்கு 7.8 கி.மீ. வருகிறது. நம் கணக்குப்படி 30,000 டிகிரி! இந்த எண் உண்மையில் எட்டப்படுவதில்லை. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, உராய்வு எங்கே? விமானத்தின் பக்கவாட்டில். அங்கே காற்று நேராக மோதுவதில்லை, வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஆனால் உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று உடலோடு ஒட்டி நின்றுவிடும். அதற்கு மேல் உள்ள காற்று கொஞ்சம் நகரும், அதற்கு மேல் உள்ளது இன்னும் கொஞ்சம். இப்படி நின்ற காற்றிலிருந்து முழு வேகக் காற்று வரைக்கும் உள்ள மெல்லிய பகுதியை எல்லைப் படலம் என்கிறார்கள். அதற்குள் அடுக்குக்கு அடுக்கு உரசி, இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. ஆக மூக்கில் மோதி நின்றாலும், பக்கத்தில் இழுபட்டு நின்றாலும், நிற்கும் காற்று சுடும். எக்ஸ்-15-ஐச் சுட்டது வெளியில் இருந்த குளிர்காற்றேதான். அதை நிறுத்திச் சூடாக்கியது விமானம்.

ஹைப்பர்சோனிக் என்றால் மாக் 5-க்கு மேல் என்பது வழக்கம். மாக் எண் என்பது ஒலியைப் போல எத்தனை மடங்கு வேகம் என்பது. ஒலிவேகத்தைக் கடக்கும் இடத்தில் உண்மையாகவே ஒரு கோடு இருக்கிறது. ஓட்டத்தின் தன்மையே அங்கே மாறிவிடும். மாக் 5-ல் அப்படி எதுவும் சட்டென்று மாறுவதில்லை. ஏறக்குறைய அந்த இடத்திலிருந்து, விமானத்தை வடிவமைப்பவரின் முதல் கவலையாக வெப்பம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். அந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டவர் சீன விஞ்ஞானி சியென் ஷ்யூசென், 1946-ல். மூன்றே ஆண்டுகளில், 1949 பிப்ரவரி 24 அன்று, அமெரிக்காவின் ஒயிட் சாண்ட்ஸ் தளத்திலிருந்து வி-2 ஏவுகணையின் தலையில் பொருத்திய சிறிய ராக்கெட் ஒன்று மணிக்கு 8,000 கி.மீ.க்கு மேல் பாய்ந்து, மனிதர் செய்த பொருள்களில் முதலாவதாக அந்த எல்லையைத் தாண்டியது.

கூர்மையா, மழுங்கலா

காற்றுக்குச் செய்தி போவது ஒலியின் வேகத்தில்தான். மெதுவாகப் போகும் விமானத்தின் அழுத்தம் முன்னாலேயே போய், “ஒருவன் வருகிறான், விலகு” என்று காற்றிடம் சொல்லிவிடும். ஒலியைவிட வேகமாக வருபவனைப் பற்றி அப்படி முன்னறிவிப்புக் கிடையாது. ஒன்றும் அறியாமல் இருக்கும் காற்று, மிக மிக மெல்லிய ஒரு சுவரைக் கடக்கும் கணத்தில் அழுத்தமும் அடர்த்தியும் வெப்பமும் தாவி ஏறிவிடும். அந்தச் சுவர்தான் அதிர்ச்சி அலை. தரைமட்டக் காற்றில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. வேகம் கூடக்கூட இந்தச் சுவர் விமானத்தின் உடலோடு நெருங்கி வந்து படுத்துக்கொள்ளும். சுவருக்கும் உடலுக்கும் இடையே உள்ள குறுகிய சந்தில் எரியும் சூட்டில் காற்று ஓடும்.

1950-களின் தொடக்கத்தில் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளை வரைந்தவர்கள், வேகத்துக்கு ஏற்றது கூர்மைதானே என்று ஊசி போன்ற முனைகளையே வரைந்தார்கள். கணக்குப் போட்டால் ஊசி உருகிவிடும் என்று வந்தது. நாசாவுக்கு முன்னிருந்த நாகா அமைப்பின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஹாரி ஜூலியன் ஆலன் என்பவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். காற்று எவ்வளவு சூடாகும் என்பதை மாற்ற முடியாது. வேகத்தைக் குறைத்தால் அந்த ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் தீரும். ஆனால் அதில் எவ்வளவு நம் கலத்துக்குள் வரும், எவ்வளவு காற்றோடு போகும் என்பது நம் கையில் இருக்கிறதல்லவா? ஆல்ஃபிரட் எக்கர்ஸுடன் சேர்ந்து அவர் கண்ட விடை: முனையை மழுக்கு.

மழுங்கிய முனைக்கு முன்னால் அதிர்ச்சி அலை ஒட்டிக்கொள்ளாமல், சற்றுத் தள்ளி, வில்போல வளைந்து நிற்கும். பெரும்பகுதி ஆற்றல் அந்த அலையிலேயே காற்றைச் சூடாக்குவதில் செலவாகும். அந்தச் சூடான காற்று கலத்தைத் தொடாமலே சுற்றிக்கொண்டு பின்னால் போய்விடும். ஊசி முனைக்கு அந்தத் தள்ளி நிற்கும் கவசம் கிடையாது. சூடு நேராக நுனியில் இறங்கும். முனையில் இறங்கும் வெப்ப வீதம், முனையின் வளைவு ஆரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். ஆரத்தை ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டராக்கினால் அது பத்தில் ஒரு பங்காகிவிடும். அப்பல்லோ, சோயுஸ் கலங்களின் அடிப்பகுதி ஏன் தட்டைக் கிண்ணம்போல இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். இறக்கை வைத்த ஸ்பேஸ் ஷட்டிலும் மூக்கை முன்னிறுத்தி இறங்கவில்லை. மூக்கைச் சுமார் 40 டிகிரி தூக்கிக்கொண்டு, அகன்ற வயிற்றைக் காற்றுக்குக் காட்டியபடிதான் இறங்கியது.

இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய காரியம் என்பது ஆற்றல் கணக்கைப் பார்த்தால் புரியும். சுற்றுப்பாதை வேகத்தில் வரும் ஒவ்வொரு கிலோவும் 30 மெகாஜூல் ஆற்றலைச் சுமந்து வருகிறது. ஒரு கிலோ இரும்பை உருக்கி, கொதிக்க வைத்து, முழுக்க ஆவியாக்கவே சுமார் 8 மெகாஜூல் போதும். அத்தனையும் கலத்துக்குள் இறங்கினால் மிஞ்சுவது ஆவிதான். மழுங்கிய கலத்துக்குள் வருவது நூற்றில் சில பங்குகள் மட்டும். மீதியைக் காற்று வாங்கிக்கொண்டு போகிறது.

வெப்பநிலை வேறு, வந்து சேரும் வெப்பம் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 200 டிகிரியில் இருக்கும் ஓவனுக்குள் ஒரு நொடி கையை நீட்டி எடுக்கலாம். 100 டிகிரிக் கொதிநீரில் ஒரு நொடி விட்டால் கை வெந்துவிடும். காற்றின் அடர்த்தி குறைவு, அதனால் அது கொண்டுவந்து கொடுக்கும் வெப்பமும் குறைவு. அதனால்தான் திரும்பி வரும் கலங்கள் காற்று மெலிந்த உயரத்திலேயே தம் வேகத்தின் பெரும்பகுதியை இழக்கப் பார்க்கின்றன. வேகத்தின் பங்கு இதைவிடக் கடுமையானது: முனையில் இறங்கும் வெப்ப வீதம் வேகத்தின் மும்மடி. வேகம் இரட்டித்தால் வெப்பம் எட்டு மடங்கு.

காற்று காற்றாகவே இருப்பதில்லை

30,000 டிகிரி உண்மையில் எட்டப்படுவதில்லை என்றேன். காரணம், அவ்வளவு சூட்டைத் தாங்கிக்கொண்டு காற்று தன் வடிவில் இருக்காது. ஆயிரம் டிகிரி அளவில் மூலக்கூறுகள் கம்பிச்சுருள்போல அதிரத் தொடங்கி, ஆற்றலில் ஒரு பங்கை அதிர்விலேயே வைத்துக்கொள்ளும். சுமார் 2,500 கெல்வினில் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் அணுக்களாக உடைய ஆரம்பிக்கும். 4,000 வாக்கில் நைட்ரஜனும். 9,000-ஐத் தாண்டினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களே பிய்ந்து வரும். ஒவ்வோர் உடைப்பும் ஆற்றலை விழுங்குகிறது. அத்தனைக்கு வெப்பநிலை ஏறாமல் நிற்கிறது. நிலவிலிருந்து விநாடிக்கு 11 கி.மீ. வேகத்தில் திரும்பிய அப்பல்லோ கலத்துக்கு நம் எளிய கணக்கு 60,000 டிகிரி என்று சொல்லும். இந்த உடைப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் சுமார் 11,000. அதுவும் சூரியனின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு.

விழுங்கிய ஆற்றல் தொலைந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் முடியாது. உடைந்த அணுக்கள் கலத்தின் மேற்பரப்பில் வந்து மீண்டும் ஜோடி சேர்ந்தால், விழுங்கியதை அங்கேயே கக்கிவிடும். சில பரப்புகள் இந்த ஜோடி சேர்தலைத் தூண்டும், சில தூண்டாது. ஷட்டிலின் தொடக்கப் பறத்தல்களில் அதன் மேல் பதித்த வெப்பத்தடுப்பு ஓடுகள் சிலவற்றின் மேல் மட்டும் தூண்டக்கூடிய பூச்சு ஒன்றைப் பூசி அனுப்பினார்கள். அதே காற்று, அதே இடம். பக்கத்து ஓடுகளைவிட அவை அதிகம் சூடாகித் திரும்பின. ஒரு மெல்லிய பூச்சின் வேதியியல், விண்கலத்தின் வெப்பத்தைத் தீர்மானிக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

பிய்ந்து வந்த எலக்ட்ரான்கள் செய்யும் வேலை இன்னொன்று. அவை கலத்தைச் சூழ்ந்த பிளாஸ்மா உறையாகி, ரேடியோ அலைகளை மறித்துவிடும். அப்பல்லோ வீரர்கள் திரும்பும்போது சில நிமிடங்கள் தரைக்குப் பேச்சே வராத அந்த மௌனம் இதனால்தான். கலத்தின் முதுகுப்புறம் உறை மெலிந்திருக்கும். பின்னாளில் ஷட்டில் அந்த வழியாக மேலே உள்ள செயற்கைக்கோள்களுடன் பேசிக்கொண்டே இறங்கியது.

உள்ளே வந்த சூட்டை என்ன செய்வது

எவ்வளவு மழுக்கினாலும் கொஞ்சம் சூடு வந்தே தீரும். முதல் வழி, வந்ததை உடனே திருப்பி அனுப்புவது. சூடான பரப்பு கதிர்வீச்சாக வெப்பத்தை வெளியே விடும். கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரட்டித்தால் கதிர்வீச்சு 16 மடங்கு. ஆகவே பரப்பைச் சிவக்கச் சிவக்கச் சூடாகவிட்டு, அந்தச் சூடு உள்ளே மட்டும் இறங்காமல் தடுத்தால் போதும்.

ஷட்டிலின் வயிற்றிலிருந்த கறுப்பு ஓடுகள் செய்தது அதுதான். மணலிலிருந்து எடுக்கும் சிலிக்காவை இழைகளாக்கிச் செய்த ஓடு. கன அளவில் நூற்றுக்கு 90-க்கும் மேல் வெறும் இடைவெளி. கையில் எடுத்தால் தெர்மகோல்போல இலேசாக இருக்கும். 1,200 டிகிரி உலையிலிருந்து எடுத்து, நடுப்பகுதி இன்னும் தணலாக ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே, அதன் மூலைகளை வெறும் விரல்களால் பிடித்துத் தூக்கிக் காட்டுவார்கள். விரலுக்குச் சூடே ஏறாது, ஏனென்றால் அந்த ஓட்டுக்குள் வெப்பம் அவ்வளவு மெதுவாக நகர்கிறது. வெளிமுகம் 1,260 டிகிரி வரை தாங்கும். ஒரு கையளவு உள்ளே இருக்கும் அலுமினியச் சட்டமோ 177 டிகிரியைத் தாண்டக் கூடாது. மூக்கிலும் இறக்கையின் முன்விளிம்பிலும் இதுவும் போதாமல், கார்பன் இழை வலுவூட்டிய கார்பனை வைத்தார்கள்.

அந்த முன்விளிம்பில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏழு உயிர்கள் விலையாயின. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா ஷட்டில் கிளம்பிய 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பைத் தாக்கியது. சுற்றுப்பாதையில் இருந்த 16 நாள்களும் ஓட்டை விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பி இறங்கும்போது, உடைப்பின் வழியே அதிர்ச்சி அலைக்குப் பின்னாலிருந்த சூடான வாயு இறக்கைக்குள் புகுந்து அலுமினியச் சட்டத்தை உருக்கியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் மறைந்தார்கள்.

இன்னொரு வழி, கவசத்தையே பலி கொடுப்பது. மேற்பரப்பு கருகி, வாயுவாகி, துகளாகக் கழன்று போகும். போகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகும். வெளியேறும் வாயு, சூடான காற்றைக் கொஞ்சம் தள்ளியும் பிடிக்கும். அப்பல்லோ இப்படித்தான் திரும்பியது. இதுவரை இந்த வழி கண்ட கடும் சோதனை 1995 டிசம்பர் 7 அன்று வியாழனில் நடந்தது. கலிலியோ கலம் அனுப்பிய ஆய்வுக்கருவி விநாடிக்கு 47 கி.மீ. வேகத்தில் அதன் வளிமண்டலத்தில் விழுந்தது. 339 கிலோ எடையில் 152 கிலோ கவசம். அதில் சுமார் 80 கிலோ கருகிப் போயிற்று. கருவி பிழைத்து, செய்தி அனுப்பியது.

கூர்மையை விட முடியாதவர்கள்

திரும்பி வருபவர்களுக்கு வேகம் குறைந்தால் சந்தோஷம். காற்றை உள்ளிழுத்து எரிக்கும் ஸ்க்ராம்ஜெட் இன்ஜின் வைத்து, ஹைப்பர்சோனிக் வேகத்திலேயே தொடர்ந்து பறக்க நினைப்பவருக்கு மழுங்கல் உதவாது; காற்றின் எதிர்ப்பு இன்ஜின் தரும் உந்துதலைத் தின்றுவிடும். முனையும் விளிம்புகளும் கூர்மையாகத்தான் இருக்க வேண்டும். கூர்மை என்றால் சூடு. அதோடு இன்ஜினுக்குள்ளேயும் தீ. 2004 நவம்பர் 16 அன்று எக்ஸ்-43ஏ என்ற ஆளில்லா விமானம் மாக் 9.6-ஐத் தொட்டபோது, இன்ஜின் எரிந்தது சுமார் 10 விநாடிகள்தான். 2013 மே 1 அன்று எக்ஸ்-51ஏ விமானத்தின் இன்ஜின் மூன்று நிமிடங்களுக்கு மேல் எரிந்தது; வேகம் மாக் 5.1. அங்கே எரிபொருளையே முதலில் இன்ஜின் சுவர்களுக்குள் ஓடவிட்டு, அவற்றைக் குளிர்வித்த பிறகு எரித்தார்கள்.

பீட் நைட்டின் விமானத்துக்கு வருவோம். அதன் உடல் முழுவதும் கருகிக் கழலும் பூச்சு இருந்தது. கழலும் பூச்சு கண்ணாடியில் படிந்து பார்வையை மறைக்கும் என்று, இடப்பக்கக் கண்ணாடிக்கு ஓர் உலோக இமைகூட வைத்திருந்தார்கள். வேகம் குறைந்த பிறகு அதைத் திறந்துகொண்டு தரையிறங்கலாம். அவ்வளவு முன்யோசனை. ஆனால் கீழே தொங்கிய போலி இன்ஜினின் முனையில் கிளம்பிய அதிர்ச்சி அலை, மேலே போய்த் துடுப்பில் மோதியது. துடுப்புக்கும் சொந்த அலை உண்டு. இரண்டு அலைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று மறுபடி மறுபடி ஒடுங்கி, குறுகிய ஒரு பட்டையில் மட்டும் வெப்பம் பல மடங்காகிவிடும். விமானத்தின் மற்ற பகுதிகள் தப்பித்து, அந்த ஓர் இடம் மட்டும் அறுபட்டதற்குக் காரணம் அதுதான். அந்த விமானம் பிறகு பறக்கவே இல்லை.

கடைசியாக ஒன்று. எல்லைப் படலத்தில் காற்று அடுக்கடுக்காக, ஒழுங்காக ஓடினால் மேலே உள்ள சூடு உடலுக்கு மெதுவாகத்தான் இறங்கும். அந்த ஒழுங்கு கலைந்து கொந்தளிப்பாக மாறினால், சூடான காற்று சுழன்று சுழன்று கீழே வந்து உடலைத் தொடும். வெப்பம் சில மடங்கு கூடிவிடும். எந்த இடத்தில், எந்த வேகத்தில் ஒழுங்கு கலையும் என்று முன்கூட்டிச் சொல்வது இந்தத் துறையின் தீராத சிக்கல்களில் ஒன்று. ஒரு சின்ன மேடு போதும் அதைக் கலைக்க.

கொலம்பியாவுக்குப் பிறகு முதலில் பறந்தது டிஸ்கவரி, 2005 ஜூலையில். சுற்றுப்பாதையில் அதன் வயிற்றைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஓடுகளுக்கு இடையே செருகியிருந்த விறைத்த துணிப்பட்டைகள் இரண்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தன. பெரியது சுமார் இரண்டரை சென்டிமீட்டர். வேறு எந்த வண்டியிலும் யாரும் கண்டுகொள்ளாத நீளம். ஆனால் மூக்குக்கு அருகே அவ்வளவு துருத்தினால், இறங்கும்போது கொந்தளிப்பு வேண்டிய நேரத்துக்கு முன்பே தொடங்கி, பின்னாலுள்ள ஓடுகள் அளவுக்கு மேல் சூடாகலாம். எவ்வளவு என்று யாராலும் உறுதியாகக் கணக்கிட்டுச் சொல்ல முடியவில்லை. ஆகஸ்ட் 3 அன்று ஸ்டீபன் ராபின்சன், விண்வெளி நிலையத்தின் இயந்திரக் கையின் நுனியில் கால்களைப் பூட்டிக்கொண்டு, அதுவரை எந்த வீரரும் போகாத ஷட்டிலின் வயிற்றுக்கடியில் போனார். வெட்டுவதற்கு ஒரு ரம்பத்தையும் எடுத்துப் போயிருந்தார். அது தேவைப்படவில்லை. கையுறை போட்ட இரு விரல்களால் பிடித்து மெல்ல இழுத்தார். முதல் பட்டை வந்துவிட்டது, பிறகு இரண்டாவதும். ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, டிஸ்கவரி பத்திரமாகத் தரையிறங்கியது.